பறை பள்ளிக்கு வரட்டும், முதலில் ஆசானுக்கு நாற்காலி போடுங்கள்

சென்ற ஆண்டு குளத்தூர் வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியின் ஆண்டுவிழாவுக்குப் போயிருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே நடந்தது அந்த ஒரு பள்ளியில் மட்டும் நடப்பதில்லை.

மாலை நான்கு மணிக்கெல்லாம் பறைக்குழு வந்துவிட்டது. ஐந்து பேர். மூத்தவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருக்கச் சொன்னார்கள். சோளத்தட்டையைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டு இரண்டரை மணி நேரம் காத்திருந்தார்கள். மேடையேறியது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் மைதானமே எழுந்து ஆடியது. ஆசிரியர்கள் ஆடினார்கள், அம்மாக்கள் ஆடினார்கள், மேலத்தெருப் பிள்ளைகளும் கீழத்தெருப் பிள்ளைகளும் ஆடினார்கள். ஒலிபெருக்கியைப் பிடித்தவர், "பறை ஆதித்தமிழனின் முதல் இசைக்கருவி" என்றார். பெரிய கைதட்டல்.

பிறகு விருந்தினர்களுக்குச் சால்வை போட்டார்கள். பறைக்குழுவுக்குப் போடவில்லை. மேடையில் இருந்தவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் தேநீர் வந்தது. மரத்தடிக்குக் காகிதக் கோப்பையில் போனது. பணத்தை ஒருவர் வாசலுக்கு வந்து கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். எவ்வளவு என்று முன்கூட்டிப் பேசியதாகத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் விட என்னை உறுத்தியது வேறொன்று. ஆட்டம் சூடாக இருந்தபோது ஆசிரியர் ஒருவர் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டார். "ஏலே, உங்க தாத்தாதானடே அடிக்காரு. நீயும் ஏறி ரெண்டு அடி அடிச்சுக் காட்டு." அன்பாகத்தான் சொன்னார். பையன் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டான். விழா முடியும் வரை அவனைப் பார்க்க முடியவில்லை.

நாட்டுப்புற இசையைப் பள்ளிக்குள் கொண்டுபோக வேண்டும் என்று இன்று பலரும் பேசுகிறோம். நானும் அந்தக் கட்சிதான். பறை பள்ளிக்கு வர வேண்டும், ஆண்டுக்கு ஒருநாள் விழாவுக்கு வந்து போகாமல் பாடமாகவே வர வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பையன் ஏன் போனான் என்பதைப் புரிந்துகொள்ளாமல் கொண்டுபோனால், தெருவில் இருக்கும் சாதியைத்தான் தாளத்தோடு வகுப்பறைக்குள் அழைத்துப் போவோம்.

கரிசலின் இசைக்குப் பெயர்கள் உண்டு, ஒரு தெருவைத் தவிர

எங்கள் கரிசல் காட்டை வறண்ட பூமி என்பார்கள். இசையில் அது வறண்ட பூமி இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் காலமானது எட்டயபுரத்தில். கர்நாடக இசையின் பெருந்தொகுப்பான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்டதும் அதே ஊரில்தான். கழுகுமலை முருகன்மேல் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்து தமிழ்நாடு முழுக்கப் போனது. விளாத்திகுளத்தில் நல்லப்பசுவாமிகள் என்கிற விளாத்திகுளம் சுவாமிகள் இருந்தார். ராக ஆலாபனைக்காக இன்றும் பேசப்படுகிறவர். கோவில்பட்டியில் நாதசுர மேதை காருகுறிச்சி அருணாசலத்துக்குச் சிலை இருக்கிறது.

இந்தப் பட்டியலை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் இதே மண்ணில் கோயில் கொடைக்கும் காப்புக்கட்டுக்கும் இழவுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கொட்டியவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? சிலை வேண்டாம், பெயர் தெரியுமா? எங்கள் ஊரில் பெரியவர்கள் அவர்களைக் "கொட்டுக்காரன்" என்பார்கள். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் இருக்கும். வாக்காளர் பட்டியலைத் தவிர வேறெங்கும் யாரும் அதை எழுதி வைக்கவில்லை.

நாதசுரக் கலைஞர்களுக்கும் மரியாதை சும்மா வந்துவிடவில்லை. சுயமரியாதை இயக்கக் காலத்தில் கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலம். நாதசுரக் கலைஞர் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டிருந்தார். எடுக்கச் சொன்னார்கள். எடுக்கக் கூடாது என்று நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. ஒரு துண்டுக்கே அவ்வளவு தகராறு. வாசிப்பு வேண்டும், வாசிப்பவன் உடம்பில் மரியாதையின் அடையாளம் இருக்கக் கூடாது. நாதசுரத்துக்கே இந்தக் கதி என்றால், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறைக்கு என்ன நடந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தேவராட்டத்தையும் இங்கே நினைக்கிறேன். ஜமீன் கோடங்கிபட்டியிலிருந்து கிளம்பிய அந்த ஆட்டம் இன்று பள்ளி, கல்லூரி விழாக்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஆடும் ஆட்டமாகிவிட்டது. நல்ல விஷயம். ஆனால் தேவராட்டம் கற்கும் பிள்ளையைப் பார்த்து யாரும் "நீ அந்தச் சாதியா?" என்று இளக்காரமாகக் கேட்பதில்லை. பறையைத் தொட்ட பிள்ளை அந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கிறது. இரண்டும் நாட்டுப்புறக் கலைதான். கலைக்குச் சாதி இல்லை என்று சொல்பவர்கள் இந்த வித்தியாசத்துக்குப் பதில் சொல்லட்டும்.

விட்டதும் போராட்டம், எடுத்ததும் போராட்டம்

அந்தப் பையனின் கொள்ளுத்தாத்தாவுக்குப் பறை ஒரு கலையாகக் கிடைக்கவில்லை, கடமையாகச் சுமத்தப்பட்டது. ஊரில் சாவு விழுந்தால் கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டும். தன் வீட்டில் காய்ச்சல் கிடந்தாலும் போக வேண்டும். கூலி ஊர் கொடுப்பதுதான். மறுத்தால் வயலில் வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது. அறுபது வயதுக்காரரைப் பத்து வயதுப் பையன் "ஏலே" என்று கூப்பிடுவான். அவர் "சொல்லுங்க ஐயா" என்று கையைக் கட்டிக்கொள்வார். இசையின் பெயரால் நடந்த அடிமை ஊழியம் இது.

அதனால்தான் நம் முன்னோடிகள் பலர் இதைக் கீழே வைக்கச் சொன்னார்கள். 1927இல் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டை இழுக்காதீர்கள், அதன் இறைச்சியை உண்ணாதீர்கள், இழிவைச் சுமத்தும் வேலையை விடுங்கள் என்றார். தென்னார்க்காட்டில் எல்.இளையபெருமாள் பறையடிப்பதை நிறுத்தச் சொல்லிப் போராடினார். சாதிப் பெயரையே மாற்ற வேண்டியிருந்தது. 1922இல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் சென்னை சட்டமன்றம் 'பறையர்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்பதை ஏற்றது. ஆங்கில அகராதியில் 'பரையா' என்றால் ஒதுக்கப்பட்டவன் என்று இன்றும் பொருள் இருக்கிறது. ஒரு தோற்கருவியின் பெயர் உலகம் முழுவதற்கும் வசைச்சொல்லாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பிறகு இன்னொரு தலைமுறை வந்தது. கீழே வைத்த கருவியைத் தன் விருப்பத்தில் எடுத்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையில் ஏந்தினார்கள். ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த கருவி அது. சென்னையில் புத்தர் கலைக்குழு ஊர் ஊராகப் பயிற்சி கொடுத்தது. 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியது. 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை', மார்கழி யாருடைய மாதம் என்ற கேள்வியைச் சபாக்களின் காதில் போட்டது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

நம் தோழர்களில் சிலர் இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்திச் சண்டை போடுகிறார்கள். பறையை எடுப்பவன் இழிவுக்குத் திரும்புகிறான் என்று ஒரு பக்கம். எடுக்காதவன் தன் கலையைப் பார்த்து வெட்கப்படுகிறான் என்று மறுபக்கம். எனக்கு இரண்டிலும் ஒன்றுதான் தெரிகிறது. எடுப்பதா விடுவதா என்பதை நான் முடிவு செய்வேன், ஊர் முடிவு செய்யாது. அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு போனானே, அதுவும் ஒரு முடிவுதான். "உங்க தாத்தாதானடே" என்று ஆசிரியர் சொன்னதில் அன்பு இருந்தது, கூடவே பழைய ஊர்க்கட்டளையின் வாடையும் இருந்தது. இத்தனை பேர் படிக்கும் பள்ளியில், பறையடிக்க அவன் பெயர்தானே முதலில் ஞாபகம் வந்தது?

'ஆதித்தமிழன் கருவி' என்ற வசதியான சொல்

மேடையில் அந்தச் சொல்லுக்கு ஏன் அவ்வளவு கைதட்டல் விழுந்தது என்று யோசித்தேன். அது பொய் இல்லை. தமிழ் இலக்கணம் ஐந்து திணைக்கும் கருப்பொருளில் பறை சொல்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று போகிறது. 'பறை' என்றாலே சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் 'பறயுக' என்றால் பேசுவதுதான்.

எல்லாம் சரி. எல்லாத் தமிழரின் கருவி என்றால், இழவு வீட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஒரே தெருவிலிருந்து மட்டும் ஏன் வந்தார்கள்? பெருமையைப் பங்கு போட எல்லாரும் வருகிறீர்கள், அவமானத்தைச் சுமந்தபோது எங்கே இருந்தீர்கள்? இந்தக் கேள்வியைத் தவிர்க்கத்தான் 'ஆதித்தமிழன்' வசதியாக இருக்கிறான். அவன் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் இருக்கிறான். அவனுக்குச் சால்வை போட்டுவிட்டால், வேப்பமரத்தடியில் காத்திருப்பவருக்கு நாற்காலி போட வேண்டியதில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. மெக்சிகோவின் மரியாச்சி இசையைப் பாருங்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் பள்ளிகளில் ஒரு காலத்தில் ஸ்பானிய மொழி பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. இன்று அதே மாநிலத்தில் பல பள்ளிகளில் மரியாச்சி மதிப்பெண்ணோடு கூடிய பாடம். மாநில அளவில் பள்ளிகளுக்கு இடையே மரியாச்சிப் போட்டி நடக்கிறது. பெற்றோரின் மொழியைப் பேச வெட்கப்பட்ட பிள்ளைகளின் பேரன் பேத்திகள், தொப்பியும் வயலினுமாக வகுப்பில் பாடுகிறார்கள். பள்ளி நினைத்தால் இவ்வளவு செய்ய முடியும்.

வெராக்ருஸ் பகுதியின் 'சோன் ஹரோச்சோ' இன்னும் நமக்கு நெருக்கம். பழங்குடி மக்களும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும், ஸ்பானியரும் கலந்த இசை அது. 1766இல் 'சுசும்பே' என்ற பாட்டையும் ஆட்டத்தையும் திருச்சபையின் விசாரணை மன்றம் ஆபாசம் என்று தடை செய்தது. அந்த மரபில் 'ஃபாந்தாங்கோ' என்றொரு கூடல் உண்டு. நடுவில் ஒரு மரப்பலகை, அதில் காலால் தாளம் தட்டி ஆடுவார்கள். சுற்றிலும் சிறு கிதார்களோடு மற்றவர்கள். தெரிந்தவர் வாசிப்பார், தெரியாதவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வார். இன்று அமெரிக்க நகரங்களில் குடியேறிய மக்கள் நடத்தும் பயிலரங்குகள் பலவும் இந்த வட்டத்தைத்தான் மாதிரியாகக் கொள்கின்றன.

ஆனால் அங்கேயும் அந்த வசதியான சொல் வேலை செய்தது. 'நாங்கள் எல்லோரும் கலப்பு மக்கள், இது எங்கள் தேசிய இசை' என்று சொல்லிச் சொல்லி, கறுப்பு மக்களின் பங்கு கண்ணிலிருந்து மறைந்தது. மெக்சிகோவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆப்பிரிக்க வம்சாவளி மக்களை அந்த அடையாளத்தோடு எண்ணியது 2020இல்தான். 'லா பாம்பா'வுக்கு உலகமே ஆடிவிட்டது. அதன் மண்ணில் கறுப்பு மனிதன் இருந்தான் என்று எண்ணிக்கையில் சேர்க்க அவ்வளவு காலம் ஆனது. இசையை ஏற்றுக்கொள்வது சுலபம், இசைத்தவனை ஏற்றுக்கொள்வதுதான் கடினம் என்பதற்கு இரண்டு கண்டங்களிலும் சாட்சி இருக்கிறது.

கயிற்றை அறுத்தால் மட்டும் போதுமா

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது என்று இதைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவனையும், தடுக்கப் போன அவன் தங்கையையும், கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக்கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, அகரவரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று பலவும் அதில் உண்டு. ஒவ்வொன்றும் தேவைதான்.

ஆனால் கயிற்றை அறுத்த கை அடுத்து எதைப் பிடிக்கப் போகிறது? தெற்கு மாவட்டங்களில் படித்த யாருக்கும் இது தெரியும். வேறு தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும் வாய்ப்பு நம் பள்ளிகளில் அநேகமாக இல்லை. விளையாட்டில்கூடத் தெருவாரியாகத்தான் அணி சேர்கிறது. பறை வகுப்பு ஒரு வழி என்று நான் நம்புவது இதனால்தான். பறையைத் தனியாக அடிக்கலாம், ஆட்டம் தனியாக நடக்காது. இருபது பேர் வட்டமாக நின்று ஒத்தையடி பழகும்போது, பக்கத்தில் நிற்பவன் கையைக் கவனிக்காமல் யாராலும் தாளத்தில் நிற்க முடியாது. அவன் எந்தத் தெரு என்று தாளத்துக்குத் தெரியாது. ஒரு மாதம் பழகினால் அதைத் தாண்டி ஏதாவது நடக்கும். எல்லாம் மாறிவிடும் என்று சொல்லமாட்டேன். ஏதாவது நடக்கும்.

தமிழ்நாடு அரசு 2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறது. வாசல் திறந்திருக்கிறது. ஆனால் அது போட்டி. போட்டிக்குத் தயாராகும் பள்ளி, ஏற்கெனவே அடிக்கத் தெரிந்த பிள்ளையைத்தான் தேடும். அந்தப் பிள்ளை எந்தத் தெருவில் கிடைப்பான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பரிசு வாங்கினால் பள்ளிக்குப் பெருமை, மறுநாள் வகுப்பில் அவனுக்குப் பட்டப்பெயர். அதனால்தான் போட்டியைவிடப் பயிலரங்கு முக்கியம் என்கிறேன். என் கோரிக்கைகள் பெரியவை இல்லை.

முதலாவது, பறைக்கலைஞர் வகுப்புக்குள் ஆசானாக வர வேண்டும். தலைமையாசிரியர் வாசலுக்குப் போய் அழைத்து வரட்டும். அவருக்கு நாற்காலி, அதே டம்ளரில் தேநீர், வருகைக்கு முன்பே பேசி முடித்த கூலி. பிள்ளைகள் அவரை "ஐயா" என்றோ "ஆசான்" என்றோ கூப்பிட வேண்டும். வீட்டில் "ஏலே" என்று கூப்பிடப் பழகிய நாக்கு ஒரு மணி நேரம் "ஐயா" என்று சொல்வதுதான் அந்த வகுப்பின் முதல் பாடம். தாளம் இரண்டாவது.

இரண்டாவது, எல்லாப் பிள்ளைகளும் தொட வேண்டும், பெண்பிள்ளைகள் உட்பட. அதே நேரம் கலைஞர் குடும்பத்துப் பிள்ளையை யாரும் முன்னால் தள்ளக் கூடாது. அவன் வாசிக்கலாம், வாசிக்காமல் கணக்குப் போடலாம், கேரம் விளையாடலாம்.

மூன்றாவது, கருவியின் உடம்பைச் சொல்லிக் கொடுங்கள். மூன்று மரத்துண்டுகளை இணைத்து வட்டச் சட்டம் ஆவது எப்படி, மாட்டுத்தோல் எப்படிப் பதப்படுகிறது, புளியங்கொட்டைப் பசை எதற்கு, தீயில் காட்டினால் சுருதி ஏன் ஏறுகிறது. இதில் அறிவியலும் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. "சாவுக் கொட்டை எம்பிள்ளை தொடணுமா?" என்று ஒரு பெற்றோர் கேட்டால், மிருதங்கத்தையும் காட்டுங்கள். அதிலும் மாட்டுத்தோல் உண்டு. அதைச் செய்த தலித் கிறித்துவக் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை 2020இல் எழுதியபோது, வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. தோல் யாருக்கும் தீட்டு இல்லை. தோலைத் தொட்ட கை யாருடையது என்று தெரிவதுதான் சிலருக்குச் சங்கடம்.

நான்காவது, வரலாற்றை மறைக்காதீர்கள். சாமிச்சாட்டு அடியும் வாழ்த்தடியும் சொல்லிக் கொடுக்கும் வகுப்பில், ஏன் ஒரு தலைமுறை இந்தக் கருவியைக் கீழே போட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். நாங்குநேரியில் அரிவாளை எடுத்தவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். சாதியைக் கற்றுக்கொள்ள வயது இருக்கிறது என்றால், அதை மறக்கக் கற்றுக்கொள்ளவும் வயது இருக்கிறது.

பாடமே முடியவில்லை, இதற்கு நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாரத்துக்கு ஒரு பாட வேளை, ஒரு பருவத்துக்குப் பத்து வகுப்பு. ஆண்டுவிழா நடனத்துக்கு ஒத்திகை பார்க்கிற நேரத்தைவிட இது குறைவு. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தில் ஒரு தீர்மானமாக இதைக் கொண்டுவரலாம். இதைப் படிக்கிற நீங்கள் முன்னாள் மாணவராக உங்கள் பள்ளிக்குப் போய்க் கேட்கலாம். ஆசிரியராக இருந்தால் இன்னும் சுலபம்.

அந்தப் பையனைப் பிறகு ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். பறை பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அவனே சொன்னான். "எங்க தாத்தா நல்லா அடிப்பாரு சார். ஆனா அங்க வச்சு அவரு பேரைக்கூட யாரும் சொல்லலையே."

உண்மைதான். ஒலிபெருக்கியில் விருந்தினர் பெயர்கள் பட்டத்தோடு வந்தன. பறைக்குழு என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியில் பறை ஒலிக்குமா என்று எனக்குத் தெரியாது. ஒலித்தால், அடிப்பவர் பெயரை முதலில் சொல்லுங்கள். பெயருக்குப் பின்னால் 'ஐயா' சேருங்கள். அதைக் கேட்ட பிறகு அந்தப் பையன் மேடை ஏறுவானா மாட்டானா என்பதை அவனே பார்த்துக்கொள்வான்.